ஒற்றைக் கண்ணும் வட்ட ரம்பமும்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ரம்பம் முதல் தடவை சுற்றியபோது நான் சமையலறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற டீச்சர் நான். பஸ் கண்டக்டரிலிருந்து சபை மூப்பர் வரைக்கும் என் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போவார்கள். அப்பேர்ப்பட்டவள் கதவுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அது சத்தமா, பல்லெல்லாம் கூசிப்போனது. என் வீட்டுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கதவுக்கு வெளியே வந்து, “இன்னா டீச்சர், பரீட்சைக்கு முன்னாடியே ஃபெயிலா?” என்றார். வந்த கோபத்துக்குக் கதவைத் திறந்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்த பிறகுதான் அவர் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது. அவர் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அவருடைய வலது கண் போனது. எழுபதுகள் முடிகிற சமயம் அது. ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் ஃபிட்டர் வேலை அவருக்கு. தோலிலிருந்து முடி கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, துடுப்பு வைத்துச் சுற்றுவார்கள். துடுப்பு இறுகிப்போச்சு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் குனிந்து நட்டைத் தளர்த்த, துடுப்பு திமிறி, ஊறல் சுண்ணாம்பு அப்படியே முகத்தில் அடித்தது. தகவல் சொல்ல வந்த ஆள் என் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, “டீச்சர், கண்ணு” என்றான். அதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. கையில் பிடித்த சாக்பீஸோடு அப்படியே ஓடினேன்.

வேலூரில் கண் டாக்டர் ஒளித்து மறைத்துப் பேசவில்லை. “போனது போனதுதாம்மா. இன்னொரு கண்ணு நல்லா இருக்கு. இனிமே அத வச்சுத்தான் அவரு காலம் தள்ளணும். தூசி தும்பு அண்டாம பாத்துக்குங்க” என்றார். அன்றிலிருந்து அந்த இடது கண்ணுக்கு நான்தான் காவல். அவர் அடுப்புப் பக்கம் வந்தால் கத்துவேன். ஜன்னலோரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் கத்துவேன். தெருவில் பிள்ளைகள் கில்லி ஆடினால் அவர்களையும் சேர்த்துக் கத்துவேன். ராத்திரி ஜெபத்தில் மற்றதெல்லாம் ஒரு வரி, அந்தக் கண் மட்டும் பத்து வரி. ஆண்டவருக்கே அலுத்திருக்கும்.

டேனரியில் வேலை போய்விட்டது. கொஞ்சம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தார், எழுந்திருக்கவே இல்லை. சோறு வைத்தால் தின்பார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். பிறகு ஒரு நாள் என்ன தோன்றியதோ, எழுந்து போய் டேனரியில் கழித்துப் போட்ட இரும்புகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார். உடைந்த டிரம்மின் தண்டு, இரண்டு பேரிங், ஒரு பெரிய புல்லி. ஆங்கிள் இரும்பில் மேசை மாதிரி ஒரு சட்டம் அடித்தார். கீழே கட்டைவண்டிச் சக்கரம் இரண்டு. யார் கிணற்றிலோ சும்மா கிடந்த ஆயில் இன்ஜினை ரிப்பேர் செய்து அதன் பக்கத்தில் நிறுத்தி, பெல்ட்டை மாட்டி, நடுவில் ஒரு வட்ட ரம்பம். இழுத்துக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி மரம் அறுக்கலாம். டேனரிகளுக்குப் பெட்டி அடிக்கிற பலகை எந்நேரமும் தேவை என்பது அவருக்குத் தெரியும்.

அவருக்குத் தெரியாத ஒன்று, ஒரு கண்ணால் தூரம் சரியாகத் தெரியாது என்பது. டம்ளரை எடுக்கப் போனால் கை ஒரு விரற்கடை தள்ளிப்போய் நிற்கும். அதை நான் பார்த்திருந்தேன், சொல்லவில்லை. அவர் முதல் பலகையை ரம்பத்தில் கொடுத்த அன்று, பலகை குறுகக் குறுக அவர் கையும் ரம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் தூரம் இருக்கிறது என்றே அவர் நினைத்திருக்கிறார். சுண்டுவிரல் பக்கம் ரம்பம் வந்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு ஜனம் ஓடி வந்துவிட்டது.

“நகருங்க. இனிமே நான் தள்றேன், நீங்க அந்தப் பக்கம் நின்னு அறுத்து வர்றத இழுங்க” என்றேன்.

“நீயா?”

“ஏன், எனக்கு ரெண்டு கண்ணு இருக்குது இல்ல?”

சொல்லியிருக்கக் கூடாது. வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சுற்றிக்கொண்டு ரம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அப்படித்தான் நான் மரம் அறுக்கக் கற்றுக்கொண்டேன்.

புடவைமேல் அவருடைய பழைய காக்கிச் சட்டை, முந்தானையை இறுக்கி இடுப்பில் செருகி, தலைக்கு ஒரு துண்டு. இன்ஜினைக் கிளப்புவதே ஒரு வாரம் பேஜார் பண்ணியது. லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும், வேகம் ஏறியதும் லீவரை விட வேண்டும், விட்ட கையோடு ஹேண்டிலை உருவ வேண்டும். தாமதித்தால் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். எனக்கு இரண்டு தடவை பார்த்தது. கரும்பலகையில் இடது கையால் எழுதினேன்.

மரத்தைக் கொடுக்கும்போது அதற்கு நேர் பின்னால் நிற்காதே, அரை அடி ஒதுங்கி நில் என்றார். ஏன் என்று கேட்டேன். “சொன்னா கேளு” என்றார். சொன்னால் கேட்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? மூன்றாம் நாள் ஒரு வேப்பங்கட்டை பாதி அறுபட்டதும் பிளவு இறுகி ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. அடுத்த நொடி கட்டை என் இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் பறந்துபோய்க் கோழிக்கூண்டை உடைத்தது. எனக்கு உயிரே போய்விட்டுத் திரும்பி வந்தது. கோழிகள் இரண்டு நாள் முட்டை வைக்கவில்லை. அப்போதுதான் அவர் ஒரு சின்ன ஆப்பை என் கையில் கொடுத்து, பிளவு இறுகாமல் பின்னாலேயே அதைச் செருகிக்கொண்டு போக வேண்டும் என்று காட்டினார். முன்னாலேயே காட்டக் கூடாதா என்று சண்டை போட்டேன். “நீ விட்டாத்தானே” என்றார்.

மெல்ல மெல்லக் கை பழகியது. மரத்தை வலிந்து தள்ளக் கூடாது, ரம்பம் தின்கிற வேகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். சத்தம் கம்மியாகி முனகினால் கையைத் தளர்த்த வேண்டும். அவர் அந்தப் பக்கமிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நான் தளர்த்துவேன். விரலை இறக்குவார், தள்ளுவேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மரம் அறுபடுகிற சத்தத்தில் நான் பேசினால் கேட்காது, அதுதான் விஷயம்.

அவருக்கு மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். தூள் அப்பி, வேர்வை கட்டி, எதிரே நிற்கிற என்னையே தெரியவில்லை என்பார். நான் முறைத்தால் போடுவார், திரும்பினால் கழுத்துக்கு இறக்கிவிடுவார்.

ஊர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் வந்து, “டீச்சர், பொம்பளைங்க இந்த வேலையெல்லாம் செய்யறது பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு” என்றார். “அப்போ வர்ற சனிக்கிழமை நீங்க வந்து தள்ளுங்க ஐயா, உங்க விரலு என் விரலவிட கெட்டியாத்தான் இருக்கும்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஸ்தோத்திரம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோடை லீவில்தான் டேனரி வைத்திருந்த பாய் ஒருவர் முளைக்கட்டை கேட்டார். தோலைச் சுற்றுகிற பெரிய மர டிரம்முக்குள் வரிசை வரிசையாகக் கட்டை முளைகள் இருக்கும், சுற்றும்போது தோலை அவைதான் தூக்கித் தூக்கிப் போடும். சாதா மரம் தாங்காது, புளி மாதிரி வைரம் பாய்ந்த மரம் வேண்டும். இது சரியாக அமைந்தால் தொடர்ந்து நமக்குத்தான் என்றார் பாய். என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். விரிஞ்சிபுரம் தாண்டி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு விவசாயி பெரிய புளியமரம் ஒன்றை விற்கிறார் என்று தெரிந்து இருவரும் போனோம்.

மரத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அடிமரம் முழுக்க ஆணி. துருப்பிடித்தது, புதுசு, பெரிசு, சிறுசு. சிலவற்றில் முடிக்கற்றை தொங்கிக்கொண்டிருந்தது. மரத்துக்காரர் வயசானவர், தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“டீச்சரம்மா, சொல்லாம வித்தா தப்பு. இது ஆணி அடிச்ச மரம். இந்தப் பக்கத்துல பேய் புடிச்சவங்கள இங்கதான் இட்டாருவாங்க. உச்சி முடிய மரத்துல வச்சு ஆணி அடிச்சிட்டு, முடிய அறுத்துவிட்ருவாங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து அடிக்கிறாங்க. வெளிய தெரியறது கொஞ்சந்தான்…”

அவரை முடிக்க விட்டேனா? எனக்குப் பேய் என்ற வார்த்தை போதும். மரம் வெட்ட வந்த ஆட்கள், வண்டிக்காரர், எல்லாரும் நிற்கிறார்கள். அத்தனை பேருக்கு முன்னால் ஒரு பாடம் எடுத்தேன். பேயும் கிடையாது பிசாசும் கிடையாது, வலிப்பு வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் மரத்தில் முடியை அடிக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா, இந்த வயசில் இன்னொருத்தரையும் பயமுறுத்துகிறீர்களே என்று என்னென்னவோ. என் அப்பா வயசு அவருக்கு. “உங்க இஷ்டம்மா” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். என் வீட்டுக்காரர் மரப்பட்டையைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். நான் குறடு வாங்கி, கண்ணுக்குத் தெரிந்த ஆணிகளை எல்லாம் என் கையாலேயே பிடுங்கிப் போட்டேன். பிடுங்கும்போது, பார்த்தீர்களா, எனக்கு என்ன ஆயிற்று என்று வேறு கேட்டேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

மரம் சாய்ந்தது. அடிமரத்தை ஆப்பு வைத்து நீளவாக்கில் துண்டு துண்டாகப் பிளந்து வண்டியில் கொண்டுவந்து எங்கள் கொல்லையில் போட்டார்கள். கிளைக்கட்டைகளை முதலில் அறுத்தோம். நான்கு நாள் ஒரு குறையும் இல்லை. முளைக்கட்டைகள் செங்கல் அடுக்கு மாதிரி எழும்பிக்கொண்டே வந்தன. ஐந்தாம் நாள் காலை அடிமரத்துத் துண்டு ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தோம். “அறுக்கலாமா?” என்று கேட்டேன். கேட்டது பேருக்குத்தான், அதற்குள் கையால் தள்ள ஆரம்பித்திருந்தேன். “உன் இஷ்டம்” என்றார்.

பாதி தாண்டியிருக்கும். டங் என்று ஒரு சத்தம், நெருப்புப் பொறி, கட்டை என் கையிலிருந்து உதறிக்கொண்டு எழும்பி விழுந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்து தலையைத் தூக்கினால், எதிரே அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கண்ணாடி கழுத்தில் தொங்குகிறது. விரல் இடுக்கில் ரத்தம். இடது பக்கம்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. அவர்தான் முகத்தைப் பொத்தியபடியே, “மெஷின நிறுத்து, மெஷின நிறுத்து” என்றார். எப்படி நிறுத்தினேனோ. ஓடிப்போய் அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கையை விலக்கினேன். முகத்தின் அந்தப் பாதி முழுக்க ரத்தம், கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

“இருட்டா இருக்குது” என்றார். மே மாசத்து வெயில் எங்கள் தலைமேல் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு வார்த்தையில் நான் செத்தேன். குடிக்க ஆறவைத்திருந்த வெந்நீர்ப் பானையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினேன். ஊற்ற ஊற்ற ரத்தம் வந்தது. ஜெபம் வரவில்லை, அழுகை வரவில்லை, தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் தெரிந்தது. பானை காலியாகும்போது அவர் இமையைச் சிமிட்டினார். மறுபடியும் சிமிட்டினார்.

“தலையெல்லாம் மரத்தூளு உனக்கு” என்றார்.

புருவத்தில்தான் அடி. ரம்பத்தின் உடைந்த பல் ஒன்று புருவத்தைக் கிழித்து எலும்பில் நின்றிருந்தது. ரத்தம் வழிந்து கண்ணை மூடிவிட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பல்லை எடுத்துத் தையல் போட்ட டாக்டர், ஏற்கெனவே ஒரு கண் இல்லாதவரை ரம்பத்துக்கு எதிரே எந்த மடையன் நிறுத்தினான் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர், “நானாத்தான் நின்னேன் சார்” என்றார்.

மறுநாள் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். பாதி அறுபட்டு விழுந்து கிடந்த கட்டையை ஆப்பு வைத்து இரண்டாகப் பிளந்தேன். உள்ளே, பட்டையிலிருந்து நாலு விரல் ஆழத்தில், பட்டறையில் அடித்த தடித்த ஆணி ஒன்று. எந்தக் காலத்தில் அடித்ததோ, மரம் வளர்ந்து மூடியிருக்கிறது. ஆணியைச் சுற்றி ஒரு கொத்து முடி, சிக்கிக்கொண்டு அப்படியே இருந்தது. கறுத்த முடி, சின்ன வயசுக்காரியின் முடி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பேய்க்கு இல்லை. அந்தப் பெரியவர் சொல்ல வந்தது இதைத்தான். வெளியே தெரிவது கொஞ்சம், மிச்சம் உள்ளே இருக்கிறது, இரும்பு இருக்கிறது, பார்த்து அறு. நான் பேயைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்தது. ஆணியிலிருந்து கட்டையின் ஓரம் வரைக்கும் நீலக் கறுப்பாக ஒரு கறை ஓடியிருந்தது, மைப்புட்டியைக் கொட்டின மாதிரி. எங்கள் பக்கத்துப் பட்டை டேனரிகளில் வேலை செய்தவனுக்கு இது உள்ளே இருக்கிற இரும்பின் கறை என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறுகிற தோலில் ஒரு குண்டூசி பட்டாலும் இப்படித்தான் கறுத்துப்போகும். தோல் கெட்டால் ஆளையே துரத்திவிடுவார்கள். இரும்புக் கறை என்றால் அங்கே எல்லாருக்கும் குலை நடுங்கும். நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இதப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எப்போ?”

“கட்டைய எறக்கின அன்னிக்கே. ஓரத்துல நீலமா தெரிஞ்சிது.”

“இன்னான்னு தெரியலியா உங்களுக்கு?” என் குரல் தானாக ஏறியது.

“தெரியாம இன்னா. இத்தினி வருசம் பட்டத் தண்ணிலயே பொழங்கினவன் நான்.”

“அப்போ ஏன் சொல்லல?”

அவர் புருவத்துத் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அந்தப் பெரியவரு சொன்னாரு. அவர நீ இன்னா பேச்சு பேசின. நான் வேற சொல்லி எதுக்கு…” என்று இழுத்தார். பிறகு, “ரம்பம் அதுமேல படாம போய்டும்னு நெனச்சேன்” என்றார்.

குத்திக் காட்டுகிற குரலே இல்லை அது. மழை வரும் போலிருந்தது, குடை எடுக்கவில்லை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் அந்தக் கட்டிலோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உலகத்தில் உள்ள தூசி தும்பிலிருந்தெல்லாம் அந்தக் கண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கத்திக்கொண்டிருந்தேன். அவர் இரும்பு இருக்கிற கட்டை என்று தெரிந்தே அதற்கு எதிரே வந்து நின்றிருக்கிறார், கண்ணைவிட என் வாய்க்கு ஜாஸ்தி பயந்து. நான் அவ்வளவு மோசமானவளா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அதனால் கேட்கவில்லை.

அக்கரைக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்த்து, நான் பேசியது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். அது சுலபமாக இருந்தது. வீட்டில்தான் சுலபமாக இல்லை. தையல் பிரித்து, ரம்பத்துக்குப் புதுத் தட்டு போட்டு, மறுபடி வேலை ஆரம்பித்ததிலிருந்து, ஒவ்வொரு கட்டையையும் தூக்கி வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, “அறுக்கலாமா?” என்று கேட்டேன். “உன் இஷ்டம்” என்பார். நான் தள்ள மாட்டேன், நிற்பேன். அவர் குழம்பிப்போவார். பிறகு, “சரி, அறு” என்பார். ஆடி போய், ஆவணி போய், மழைக்காலமும் போனது. ஒரு தடவைகூட அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு பூவரசங்கட்டையைத் தூக்கி வைத்தோம். வழக்கம்போலக் கேட்டேன். அவர் குனிந்து, கட்டையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“வேணாம். இது சரியாப் படல” என்றார்.

நான் கட்டையை இறக்கிக் கீழே வைத்தேன். அவர் நகரவில்லை. அந்த ஒரு கண்ணால் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் எப்போது ஆரம்பிப்பேன் என்று.